முதல் பால் டயருக்கு, மூன்றாம் பால் டேஷ்போர்டுக்கு

காருக்கு உள்ளே பாலிஷ் போடுவது எப்படி என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது: ஷோரூமில் சீட்டுக்கு மாட்டிக் கொடுத்த பாலிதீன் உறையைக் கழற்றியாகிவிட்டதா? பாளையங்கோட்டையில் இது அநாவசியமான கேள்வி இல்லை. பெருமாள்புரத்திலும் மகாராஜநகரிலும் ஐந்து வருஷத்துக் கார்கள் இன்னும் அந்த உறையோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வரும். கத்திரி வெயிலில் சட்டையோடு சேர்ந்து முதுகும் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் "கெடக்கட்டும் வே, சீட்டு அழுக்காவாம இருக்கும்லா" என்பார் வண்டிக்காரர். இப்படிப்பட்ட அண்ணாச்சிமாருக்கு இந்தக் கட்டுரை வேண்டாம். அவர்கள் வண்டியைப் பேரனுக்காகப் பத்திரப்படுத்துகிறவர்கள். உறையைக் கழற்றிவிட்டு அதன் பலனை அனுபவித்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

டயருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்குக்கும் போடுகிற பாலிஷ் இப்போது பெரிய கேனில், தண்ணீர் கலந்து பயன்படுத்துகிற விதமாக வருகிறது. கேன் மூன்றே முக்கால் லிட்டர், இல்லையென்றால் ஐந்து லிட்டர். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு திரவம். தண்ணீரின் அளவை மாற்றினால் ஒரே கேனிலிருந்து டயருக்கு ஒரு மினுமினுப்பு, பம்பருக்கு ஒன்று, டேஷ்போர்டுக்கு ஒன்று என்று வேறு வேறாக எடுத்துக்கொள்ளலாம். லேபிளில் 1:1, 1:3, 1:4 என்று விகிதங்கள் போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் பாதிப் பேர் "நமக்கெதுக்குக் கணக்கு" என்று கேனிலிருந்து அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். ஊருக்குள் ஓடுகிற பாதி டேஷ்போர்டுகள் எண்ணெய்ச் சட்டி வழிந்த கோலத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சொதி வைக்கிற ஊர்க்காரனுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது? தேங்காய் ஒன்றுதான். அரைத்து முதலில் பிழிவது கெட்டிப் பால். தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்தால் இரண்டாம் பால். அதற்குப் பிறகும் விடாமல் பிழிந்தால் மூன்றாம் பால். காய்கறி வேகிறது மூன்றாம் பாலில். இறக்குகிற நேரத்தில் ஊற்றுவது முதல் பால். இடம் மாற்றி ஊற்றினால், மறுவீட்டு விருந்துக்கு வந்த சம்பந்தி இலையைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். கேனுக்கும் அதே சட்டம்தான். முதல் பால் டயருக்கு, இரண்டாம் பால் வெளியே வெயில் தின்னும் கறுப்புப் பிளாஸ்டிக்குக்கு, மூன்றாம் பால் டேஷ்போர்டுக்கும் கதவின் உள்பக்கத்துக்கும்.

ருசியில் மட்டும் அல்ல, வேதியியலிலும் இரண்டும் ஒரே குடும்பம். தேங்காய்ப் பால் என்பது தண்ணீருக்குள் மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள். அவை ஒன்றோடொன்று சேர்ந்து மேலே திரண்டுவிடாமல் தேங்காயின் புரதம் பிடித்து வைத்திருக்கிறது. கேனுக்குள் இருப்பது சிலிகான் எண்ணெய்த் துளிகள். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது சோப்புக்குச் சொந்தக்காரப் பொருள் ஒன்று. பூசியதும் தண்ணீர் ஆவியாகும், துளிகள் கூடிப் படலமாகப் படியும். பழைய ரப்பரும் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கும் சாம்பல் பூத்துத் தெரிவது ஏனென்றால், அவற்றின் மேலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. படலம் அந்தப் பள்ளங்களை நிரப்பினால் சிதறல் குறையும், கறுப்பு கறுப்பாகத் தெரியும். தண்ணீர் கூடக்கூடப் படலம் மெலியும், மினுக்கம் அடங்கும். கேனில் இருக்கிற வித்தை இவ்வளவுதான்.

கணக்கில் ஒரே ஒரு கண்ணி இருக்கிறது. 1:4 என்றால் நாலில் ஒரு பங்கு என்று நினைத்துக் கலக்கிறவர்கள் உண்டு. பாலிஷ் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, ஆக மொத்தம் அஞ்சு பங்கு. அரை லிட்டர் பாட்டிலுக்கு 100 மில்லி பாலிஷ், 400 மில்லி தண்ணீர். 1:3 என்றால் 125க்கு 375. 1878இல் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியும் 1923இல் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியும் தொடங்கி, தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர் இது. இருந்தும் வாட்டர் சர்வீஸ் கடைகளில் இந்தக் கணக்கு "ரெண்டு மூடி ஊத்து, கொஞ்சம் தண்ணி விடு" என்ற அளவிலேயே நிற்கிறது. பாட்டிலில் தண்ணீரை முதலில் விட்டுப் பிறகு பாலிஷை ஊற்றுங்கள். மாற்றிச் செய்தால் நுரை பொங்கிக் கழுத்துவரை வரும், அளவு தெரியாது. போட்டுக் குலுக்கவும் வேண்டாம். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும்.

யாருக்கு எவ்வளவு

லேபிளில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள். எந்த ஆளுக்கு எவ்வளவு என்று எழுதவில்லை. கம்பெனிக்காரனுக்கு நம்ம ஊர் தெரியாது. அந்தக் குறையை இங்கே தீர்த்துவிடலாம்.

பெண் பார்க்கப் போகும் நாளில் டயருக்கு 1:1 தாராளமாகப் போடலாம். மாப்பிள்ளை இறங்குவதற்கு முன்னால் டயர் போய் வணக்கம் சொல்ல வேண்டும். ஆனால் உள்ளே 1:4ஐத் தாண்டிக் கெட்டியாக்கக் கூடாது. பெண்ணின் தாய்மாமன் எப்படியும் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். டேஷ்போர்டு அளவுக்கு மேல் மின்னினால் "வண்டி செகண்ட் ஹேண்டா?" என்று கேட்பார். அந்தச் சந்தேகம் வண்டியோடு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது.

துஷ்டி வீட்டுக்குப் போவதானால் பாலிஷே கூடாது. முந்தின நாள் போட்டுத் தொலைத்திருந்தால், நன்றாகச் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புறப்படுங்கள். இல்லாவிட்டால், "பெரியப்பா போன துக்கத்துலயும் டயருக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கான் பாத்தியளா" என்ற பேச்சு பதினாறாம் நாள் விசேஷம் வரை ஓடும். பந்தியிலும் தொடரும்.

கைமாற்று கேட்கப் போகும்போதுதான் உண்மையான கைப்பக்குவம் தேவைப்படுகிறது. ரொம்ப மின்னினால் "உமக்கு எதுக்கு வே கடன்?" என்பார்கள். சாம்பல் பூத்துக் கிடந்தால், கொடுத்த பணம் திரும்பாது என்று முடிவு கட்டுவார்கள். 1:2 சரியாக இருக்கும். கொக்கிரகுளத்துக் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறவர்கள் எந்த விகிதத்திலும் போடலாம். வண்டியை மட்டும் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்கென்று தனி விகிதம் கிடையாது. நீங்கள் எப்படிக் கலந்தாலும் அவர் வாசலில் நின்று, "தம்பி, நாங்கல்லாம் அந்தக் காலத்துல அம்பாசிடருக்கு வெறும் தேங்காண்ணெதான்" என்று தொடங்கப் போகிறார். கேட்டுக்கொள்ளுங்கள், செய்து பார்க்காதீர்கள். தேங்காய் எண்ணெய் வெயிலில் சிக்குப் பிடித்துத் தெருப்புழுதியை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைக்கும். பாதி டீசலும் பாதிப் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து டயரில் அடிக்கிற லாரிப் பட்டறை வைத்தியம் அதைவிட மோசம். பெட்ரோலிய எண்ணெய்கள் ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைத்து இளக்கிவிடும்.

தண்ணீர்

இந்த ஊரில் இருப்பதன் லாபம் இந்த இடத்தில்தான் தெரியும். பொதிகையில் இறங்கிப் புன்னைக்காயலில் கடலில் கலக்கிற தாமிரபரணிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, வற்றாத ஆறு. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு. பாலிஷ் கலக்க அதைத்தான் எடுக்க வேண்டும். போர் தண்ணீரைக் கலந்தால், காய்ந்த பிறகு கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். உப்பு ரொம்பக் கடுமையாக இருந்தால் சிலவகைப் பாலிஷ்கள் திரிந்தும் போகும். திரிந்த சொதியை என்ன செய்தாலும் கூட்ட முடியாது என்பது உங்கள் வீட்டிலேயே தெரியும்; கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஆற்றுத் தண்ணீர் வேண்டும் என்பதற்காகக் காரை ஆற்றுக்கே ஓட்டிப் போகிற அதிபுத்திசாலிகள் இருக்கிறார்கள். படித்துறைச் சரிவில் பின்பக்கமாக இறக்கி, முன் டயர் கரையிலும் பின் டயர் தண்ணீரிலுமாக நிறுத்தி, ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவார்கள். அந்த நுரையும் சிலிகானும் எங்கே போகும் என்று யோசிக்க வேண்டாமா? கீழே மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகள் இருக்கின்றன, தூத்துக்குடி மாவட்டம் குடிக்கிறது. உங்கள் சம்பந்தி வீடு அந்தப் பக்கம் என்றால் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம். பாளையங்கால்வாயும் இதில் சேர்த்திதான். ஏற்கெனவே அது சுமக்கிறது போதும். வாளியில் பிடித்து வீட்டு வாசலில் கழுவுங்கள்.

டயர்

பாலிஷ் போடுவதில் முக்கால் வேலை பாலிஷ் போடுவதற்கு முன்னால் இருக்கிறது. இதைச் சொன்னால் கடையில் இருக்கிற பையன்கூடச் சிரிக்கிறான். அழுக்கின் மேல் போட்டால் அழுக்குதான் மினுங்கும்.

டயரில் படிந்திருக்கும் பழுப்பு நிறம் முழுக்கச் சேறு என்று நினைக்க வேண்டாம். காற்றிலிருக்கும் ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்கும் என்பதால், டயர் செய்கிறவர்கள் 6பிபிடி போன்ற தடுப்பு மருந்துகளை ரப்பருக்குள் கலந்து வைக்கிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து, ஓசோனை மறித்துத் தான் பழுக்கும். டயர் தன்னைத்தானே காத்துக்கொள்கிற அடையாளம் அந்தப் பழுப்பு. நாம்தான் அதைப் பார்த்து "ச்சீ, அசிங்கம்" என்கிறோம். இதே சரக்கு ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் இன்னொரு பொருள் மழைத் தண்ணீரோடு ஓடைக்குப் போய் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆராய்ச்சியாளர்கள் 2020இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சியாட்டில் பக்கத்து ஓடைகளில் பல வருஷமாக மீன் ஏன் சாகிறது என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்த விடை, ஓடுகிற டயரின் தேய்மானம். படித்துறையில் டயர் தேய்க்கிற அன்பர்களுக்கு இதையும் சொல்லிவைக்கலாம்.

கறுப்பும் டயருக்குப் பிறவிக்குணம் கிடையாது. தொடக்க காலத்து டயர்கள் வெளுப்பாகத்தான் இருந்தன. 1898இல் வரைந்த மிஷலின் கம்பெனியின் டயர் மனிதன் இன்றும் வெள்ளையாக இருப்பதன் காரணம் அதுதான். பிறகு கரித்தூளைச் சேர்த்தால் ரப்பர் பல மடங்கு உழைக்கும் என்று தெரிந்ததும் உலகத்து டயர்களெல்லாம் கறுத்துப்போயின. திருவொற்றியூரில் 1946இல் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கி, பின்னால் டயருக்கு வந்த எம்ஆர்எஃப் கம்பெனி பலூனோடு நின்றிருந்தால் நமக்கு வாரம் ஒருநாள் இந்த வேலை மிச்சம். வண்ணம் மங்கினாலும் குழந்தைகள் பலூனுக்குப் பாலிஷ் கேட்பதில்லை.

சரி, பிரஷ்ஷை எடுங்கள். சோப் ஆயிலைத் தண்ணீரில் கரைத்து டயரின் பக்கவாட்டை வட்டமாகத் தேயுங்கள். நுரை பழுப்பாக வருகிறவரை விடாதீர்கள். வெள்ளையாக வந்தால் போதும். பிறகு நன்றாகக் காய வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் நீங்கள் அளந்து கலந்த 1:1 அங்கேயே 1:2 ஆகிவிடும். சூடான டயரிலும் பூசக் கூடாது. சென்னை வானிலை மையம் சாயங்காலம் வாசிக்கிற வெயில் பட்டியலில் தவறாமல் இடம்பிடிக்கிற ஊர் இது. மத்தியானம் பூசினால் பரப்புவதற்குள் தண்ணீர் ஆவியாகித் திட்டுத் திட்டாக நிற்கும். காலையில், நிழலில், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது செய்யுங்கள்.

ஸ்பாஞ்சில் நனைத்துப் பூச வேண்டும். டயரைப் பார்த்து ஸ்ப்ரே அடிக்கிற வழக்கம் பார்க்க ஜோராக இருக்கும். பாதி போய் பிரேக் டிஸ்கில் உட்காரும். சிலிகான் பட்ட டிஸ்க் எவ்வளவு மெதுவாக நிற்கும் என்பதை வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் சோதித்துப் பார்க்க வேண்டாம். பூசிக் கால்மணி நேரம் விட்டு, பனியன் துணியால் மிச்சத்தை ஒற்றி எடுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டு வண்டியை எடுக்கிறவர்களை அடையாளம் காண்பது சுலபம்: வெள்ளைக் காரின் சக்கரத்துக்குப் பின்னால் கதவுவரை கறுப்புப் புள்ளிகள் தெறித்திருக்கும். அப்படியே திருச்செந்தூருக்கு விட்டீர்களானால் வழியெல்லாம் புழுதி ஏறும். உவரிப் பக்கம் போய்த் தேரி மண்ணில் ஏறினால் கேட்கவே வேண்டாம். கறுப்பு டயர் செக்கச் சிவந்து வீடு வரும். ஆனி, ஆடிக் காற்று மாதங்களில் விகிதத்தைக் குறைத்து 1:3ஆக வைத்துக்கொள்வது நல்லது. படலம் மெலிய மெலியத் தூசிக்குப் பிடிமானம் குறையும்.

பூச வேண்டியது பக்கவாட்டை மட்டும். தரையைத் தொடுகிற பட்டன் மேல் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், "முழுசாப் போட்டாத்தாம்ண்ணே லுக்கு" என்று பட்டனுக்கும் சேர்த்து அடித்துவிடுகிற கலைஞர்கள் இருப்பதுதான். நம் மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்ட காலத்தில், மாட்டு லாடத்தின் ஆணிகள் ரோட்டில் சிதறி டயரைப் பதம் பார்க்கும் என்பதால், காந்தம் கட்டிய வண்டியை முன்னால் விட்டு ஆணி பொறுக்கினார் என்று சொல்வார்கள். அவருக்குக் கவலையெல்லாம் தரையைத் தொடுகிற பாகத்தைப் பற்றி. நமக்குக் கவலை தொடாத பாகத்தைப் பற்றி.

பைக்குக்கு இந்த வித்தை கிடையவே கிடையாது. வளைவில் சாயும்போது பைக்கின் பக்கவாட்டுத் தோளும் ரோட்டைத் தொடும். இதில் வேடிக்கை எதுவும் இல்லை. வழுக்கினால் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் வேறு கட்டு போடுவார்கள்.

உள்ளே

வெளியே செய்த தாராளத்தை உள்ளே காட்டக் கூடாது. டேஷ்போர்டைச் சொரசொரப்பாக, மங்கலாகச் செய்வதற்குக் கம்பெனிக்காரன் மெனக்கெட்டு அச்சு வெட்டியிருக்கிறான். அது மினுங்கினால் முன்கண்ணாடியில் நிழல் விழும். சாயங்காலம் பாளையிலிருந்து சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறி ஜங்ஷன் பக்கம் போகும்போது மேற்கு வெயில் முகத்துக்கு நேரே வரும். கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிய, 1843இல் திறக்கப்பட்ட பாலம் அது. மாட்டு வண்டிக்கென்று கட்டிய பாலத்தில், டேஷ்போர்டு கண்ணாடியில் தெரிந்து எதிரே வருகிற பஸ் தெரியாமல் போனது என்று யாரும் பெயர் வாங்க வேண்டாம். மூன்றாம் பால், 1:4. அதையும் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும், டேஷ்போர்டின் மேல் நேராக அடிக்கக் கூடாது. கண்ணாடியில் பட்ட சிலிகான் ஐப்பசி மழை வரும்வரை சும்மா இருந்துவிட்டு, வைப்பர் போடுகிற முதல் நாளில் பிசுக்காக எழுந்து வரும்.

ஸ்டீயரிங், கியர் நாப், ஹேண்ட் பிரேக், மூன்று பெடல்கள், ரப்பர் மேட், இவற்றில் எந்தப் பாலும் கூடாது. மெலிந்த படலம்கூட வழுக்கும். ரெக்சின் சீட்டிலும் போடாதீர்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்சீட்டிலிருந்து ஆச்சி முன்னால் வந்துவிடுவார். டேஷ்போர்டில் நிற்கிற பிள்ளையாரையோ வேளாங்கண்ணி மாதாவையோ சுற்றித் துடைக்கும்போது கவனம் தேவை. அடியில் ஒட்டிய டபுள் சைடு டேப்பில் சிலிகான் இறங்கினால் பிடிப்பு விட்டுப்போகும். அப்புறம் திருப்பத்துக்குத் திருப்பம் தெய்வம் இடம் மாறும்.

ஆயுத பூஜை சமயத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. ஆயிரத்தம்மன் முதலான அம்மன்களின் சப்பரங்கள் தெருவுக்கு வருகிற தசரா நாட்களில் வாட்டர் சர்வீஸ் கடைகளில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். அவசர அவசரமாகக் கழுவி, கேனிலிருந்து நேராக எடுத்து மெழுகிவிட்டு அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்து சந்தனம் வைத்தால் சந்தனம் நிற்காது. சிலிகானுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. ஈரச் சந்தனம் வழுக்கிக் கீழே வரும், அதன்மேல் வைத்த குங்குமமும் கூடவே வரும். "சகுனம் சரியில்லையே" என்று அம்மா முகம் வாடுவார். சகுனத்தில் குறை இல்லை, விகிதத்தில்தான் குறை. பொட்டு வைக்க வேண்டிய இடங்களை விட்டுவிட்டுப் பாலிஷ் போடச் சொல்லுங்கள், அல்லது பூஜை முடிந்த பிறகு போடுங்கள். டயருக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழத்தால் பாலிஷுக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

டிங்கரிங், பெயிண்டிங் வேலைக்கு வண்டியை விடப்போகிறீர்கள் என்றால் அந்த வாரம் கேனையே தொடாதீர்கள். சிலிகான் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாகக் குழி விழும். பெயிண்டர் உங்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். உங்கள் வண்டியைப் பற்றி மற்றவர்களிடம் சொல்வார்.

இதுவரை படித்தவர்களுக்கு, விற்கிறவர் கையில் இதே கேன் இருக்கும்போது என்ன ஆகும் என்று தோன்றியிருக்க வேண்டும். டிஎன் 72 நம்பர் பழைய வண்டி ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள். டயர் நாலும் முதல் பாலில் குளித்து நிற்கிறது. மயங்காமல் ஒரு பனியன் துணியை எடுத்துத் தேயுங்கள். படலம் போனதும் அடியில் வெடிப்பு இருந்தால் தெரியும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். எந்தப் பாலிஷும் அந்த இலக்கத்தை மாற்றாது. பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு தெரியும்; அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தால் டயர் மொட்டை, விலையில் அதைக் கழியுங்கள்.

உள்ளே ரொம்ப மினுங்கினால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி வந்து ஜங்ஷனையும் வண்ணாரப்பேட்டையையும் மூழ்கடித்தபோது வாசலில் நின்ற கார்களும் மூழ்கின. வெள்ளம் ஏறிய வண்டிக்கு டேஷ்போர்டைத் துடைத்துவிட்டால் முகம் வந்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டின் இரும்புத் தண்டவாளத்தில் துரு, மேட்டுக்கு அடியில் மக்கிய வாடை, இவையெல்லாம் 1:1க்குக்கூட அடங்காதவை.

கடைசியாக, மிச்சம். கலந்து வைத்த பாலிஷ் ரொம்ப நாள் தாங்காது. கேனில் இருக்கும் கெடாமல் காக்கிற மருந்து தண்ணீர் சேர்ந்ததும் நீர்த்துப்போவதால், சில வாரத்தில் வாடை வந்துவிடும். தேவைப்படுகிற அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள். பழைய குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கவே கூடாது. வெள்ளையாக இருக்கிற எதையும் மோர் என்று நம்பி வாயில் வைக்கிற ஆள் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. தனி ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, விகிதத்தையும் கலந்த தேதியையும் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு மூன்று பாட்டில் வைத்திருப்பவர்கள் எந்தச் சோலிக்கு உரியது என்பதையும் சேர்த்து எழுதுவது உத்தமம். பெண் பார்க்கக் கலந்ததை அவசரத்தில் எடுத்து அடித்துக்கொண்டு துஷ்டிக்குப் போய் நின்றால், அப்புறம் யார் வந்து சமாதானம் சொல்வது?